சர்வர் மாறினால் பெயர் மாறுமா?

"சர்வர்" என்று சொன்னவுடன் எங்கள் அப்பாவுக்கு இன்றைக்கும் நாகேஷ்தான் ஞாபகம் வருவார். 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" அப்படிப் பதிந்துவிட்டது. கல்லூரி விடுமுறையில் பாண்டியில் ஒரு ஆபீசில் சர்வர் வேலை பார்த்தேன் என்று பாட்டியிடம் சொன்னபோது, "ஏண்டா கண்ணு, செலவுக்குக் காசு வேணும்னா வாய விட்டுக் கேக்கக் கூடாதா?" என்று பதறிவிட்டார். ஹி ஹி...

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். மேசையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதை உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து வைப்பது. ஓட்டல் சர்வர் இட்லி கொண்டுவருவார், ஆபீஸ் சர்வர் ஃபைல் கொண்டுவரும். ஒரே ஒரு வித்தியாசம். ஓட்டலில் காசு இருந்தால் யாருக்கும் இட்லி உண்டு. ஆபீசில் யாருக்கு எந்த ஃபைலைக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை நான் பாடத்தில் படிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர், ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. என் மாமா கணக்கராக இருக்கும் ஒரு சின்ன ஆடிட் அலுவலகமும் அந்தப் பக்கம்தான், தரைத் தளம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு செங்கல் மேல் அவர்கள் சர்வர் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் முதல் செங்கல் வரைக்கும் வந்து நின்றது. இருபது வருடக் கணக்குகளுக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் ஒரு செங்கல்! அடுத்த வாரமே முதலாளி சர்வரை மாற்றச் சொல்லிவிட்டார். "நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, வந்து கூட நில்லு" என்று மாமா கூப்பிட்டார். கூட நின்றேன். அப்போது கேட்டதும் பார்த்ததும் பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பெட்டி 2005-ல் வாங்கியது. அதில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2003. ஆனால் அந்த ஆபீஸ் நெட்வொர்க்கின் வயது அதைவிட அதிகம். மாமா ஞாபகத்தில் இருந்து சொன்ன கதைப்படி 1996-ல் நாவெல் நெட்வேர், 1999-ல் விண்டோஸ் என்.டி., 2005-ல் இது. அந்தக் காலத்து இந்திய ஆபீஸ்கள் பலவற்றின் கதையும் இதே வரிசைதான்.

இன்றைக்கு நாவெல் என்றால் என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1983-ல் வெளிவந்த நெட்வேர், 90-களின் நடுவில் ஆபீஸ் நெட்வொர்க் என்றாலே அதுதான் என்னும் அளவுக்கு இருந்தது. கணினிப் பயிற்சி மையங்களில் நாவெல் சான்றிதழுக்குத் தனி மவுசு. கறுப்பு நிறக் கோ-ஆக்சியல் கேபிள் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாக ஓடும். நடுவில் ஒரு இடத்தில் யாராவது காலால் தட்டிவிட்டால் வரிசை முழுதும் படுத்துவிடும். டாஸ் கணினியில் ஏ முதல் ஈ வரை உள்ளூர் டிரைவ்களுக்கு ஒதுக்கியிருப்பதால், சர்வரில் இருக்கும் டிஸ்க் வழக்கமாக எஃப் டிரைவாக வந்து நிற்கும். இந்த எஃப்-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நெட்வேர் 3-ல் யார் யார் பயனர், யாருக்கு என்ன அனுமதி என்பதெல்லாம் அந்தந்த சர்வருக்குள்ளேயே ஒரு சின்னப் பதிவேட்டில் இருக்கும். நான்கு சர்வர் இருந்தால் ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் கணக்கு. 1993-ல் வந்த நெட்வேர் 4 இதைச் சரிசெய்து, நிறுவனம் முழுவதற்கும் ஒரே பதிவேடு கொண்டுவந்தது. நல்ல யோசனை. ஆனால் அதே 1993-ல்தான் மைக்ரோசாப்டின் முதல் விண்டோஸ் என்.டி.யும் வந்தது. 1996-ல் என்.டி. 4.0 வந்தபோது, விண்டோஸ் 95 போலவே முகம் காட்டிய சர்வரை யாரும் மவுஸ் பிடித்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற நிலை. நாவெல் மெல்ல மெல்லப் பின்னால் போனது.

மைக்ரோசாப்ட் கெட்டிக்காரத்தனமாக என்.டி. சர்வரோடு ஒரு குடிபெயர்ப்புக் கருவியையும் சேர்த்தே கொடுத்தது. நெட்வேரில் இருக்கும் பயனர் பெயர்கள், குழுக்கள், ஃபைல்கள், அனுமதிகள் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு வரும். ஒன்றை மட்டும் கொண்டுவராது, கடவுச்சொல். நாவெல் அதைப் பூட்டி வைத்திருந்தது. அதனால் மாறிய மறுநாள் ஊழியர்கள் எல்லோரும் புதுக் கடவுச்சொல் போட வேண்டும். (மாமா ஆபீசில் அன்றைக்கு எல்லோரும் போட்டது ஒரே கடவுச்சொல்லாம். என்ன என்று சொல்ல மாட்டேன், மணக்குள விநாயகருக்குத் தெரியும்.)

என்.டி. 4.0 சர்வருக்கான ஆதரவு 2004 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. மாமா ஆபீஸ் 2003-க்குப் போனதும் அந்த நெருக்கடியில்தான். 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14-ல் முடிந்தது. இந்த முறை யாரும் அசையவில்லை! ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்? சர்வர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களின் கொள்கை இதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, அது நுழைந்த வழி எஸ்.எம்.பி. என்ற ஃபைல் பகிரும் பேச்சின் முதல் பதிப்பு. ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகள்கூட மாட்டின. இரண்டு வருடம் முன்பே கைவிட்ட 2003-க்கும் சேர்த்து மைக்ரோசாப்ட் மறுநாளே மருந்து வெளியிட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அந்த வருடத்துக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-ல் இந்தப் பழைய பேச்சை அடைத்தே வைத்தார்கள். ஆனால் 2003-க்கு அது ஒன்றுதான் பேசத் தெரியும். ஆகவே மாமா ஆபீசின் புதுக் கணினிகளில் எல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் அந்த அடைப்பைத் திறந்து விட்டிருந்தார், ஒரு கிழவரோடு பேசுவதற்காக வீட்டுக் கதவு அத்தனையையும் திறந்து வைத்த மாதிரி.

சரி, எதற்கு மாறுவது? விண்டோஸ் சர்வர் 2022-க்கு என்றால் ஒரே தாவலில் போக முடியாது. 2003 காலத்து டொமைனோடு 2019-ம் அதற்குப் பிறகு வந்தவையும் சேராது. நடுவில் 2012 மாதிரி ஒன்றில் இறங்கி, டொமைனை அதன் மட்டத்துக்கு உயர்த்திவிட்டுத்தான் அடுத்த வண்டி பிடிக்க வேண்டும். இதற்கு மேல் சர்வருக்கு உரிமம், உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம். ஒன்பது பேர் வேலை செய்யும் ஆபீஸ். முதலாளி முகம் போன போக்கைப் பார்த்து, நெட்வொர்க் வேலைக்கு வந்த அண்ணன் "சாம்பா போட்டுடலாம் சார்" என்றார்.

சாம்பா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் (மாணவர்! கவனியுங்கள்) 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளை விண்டோஸ் சர்வர் மாதிரியே நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள். எஸ்.எம்.பி. என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர்தான் சாம்பா. மைக்ரோசாப்டின் பேச்சுக்கு அப்போது முழுமையான இலக்கணப் புத்தகம் வெளியில் கிடையாது. பிறகு எப்படிக் கற்றார்? அவரே பின்னாளில் ஒரு உதாரணம் சொல்லி விளக்கினார். புத்தகமும் ஆசிரியரும் இல்லாமல் பிரெஞ்சு கற்க வேண்டுமென்றால், ஒரு பிரெஞ்சுக் காபிக்கடையில் போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொஞ்ச நாளில் சில சொற்கள் பிடிபடும். பிறகு நாமே ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம், என்ன வருகிறது என்று. இரண்டு கணினிகள் கம்பியில் பேசிக்கொள்வதை அவர் அப்படித்தான் ஒட்டுக்கேட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சு பேசும் காபிக்கடையும் அங்கே ஒரு சர்வரும் என்று உதாரணம் தேடினால், அது எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலை அல்லவா? :-)

2003 செப்டம்பரில் வந்த சாம்பா 3.0-ல் இன்னொரு வேடிக்கை. என்.டி. 4.0 டொமைனில் இருக்கும் பயனர் கணக்குகளையெல்லாம் உறிஞ்சி எடுத்துக்கொள்ள ஒரு கட்டளை இருந்தது. அதன் பெயர் "வாம்பயர்", அதாவது ரத்தக் காட்டேரி. ஆனால் 2000-ல் வந்த ஆக்டிவ் டைரக்டரியின் பேச்சு இன்னும் சிக்கலானது, காபிக்கடை வித்தை மட்டும் போதவில்லை. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, போட்டி சர்வர்கள் பேசுவதற்குத் தேவையான விவரங்களையும் வெளியிடச் சொன்னது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்தில் ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4.0, ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே உட்காரக் கற்றுக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் மைக்ரோசாப்ட் பொறியாளர்களும் உதவினார்கள்.

நம் பக்கத்தில் இப்படி மாறியவர்களில் பெயர் சொல்லக்கூடியது தமிழக அரசின் எல்காட். சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2006 முதல் 2008 வரை அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அலுவலகக் கணினிகளையும் சர்வர்களையும் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போனது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், சூசே அப்போது யாருடையது தெரியுமா? நாவெலுடையது! என்.டி.யிடம் தோற்ற அதே நாவெல் 2004 தொடக்கத்தில் சூசேயை வாங்கியிருந்தது. முன்வாசலில் வெளியே போனவர் பின்வாசல் வழியாக வந்த கதை. 2011-ல் தமிழகத்தில் இலவச மடிக்கணினி கொடுத்தபோது விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன. சித்தி பெண் வீட்டில் இருந்த அந்த மடிக்கணினியில்தான் நான் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தேன்.

இனி அந்தச் சனி, ஞாயிறு. சனிக்கிழமை மதியம் எல்லோரும் போனதும் வேலை தொடங்கியது. அண்ணன் புதுப் பெட்டியில் சாம்பா டொமைன் அமைத்தார். ஒன்பது பேர்தானே என்று பயனர் பெயர்களைக் கையாலேயே புதிதாகப் போட்டோம். பழைய சர்வரிலிருந்த ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துப் புதியதில் கொட்டினோம். ஒரு கணினியில் போய் ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தோம், திறந்தது. ஞாயிறு இரவு பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். நான் ஏதோ பெரிய பொறியாளர் ஆகிவிட்ட நினைப்பு.

திங்கள் காலை முதல் புகார் வந்தது ஒரு அக்காவிடமிருந்து. கணினித் திரையில் வைத்திருந்த பிள்ளையார் படம் காணோம். பிறகு இன்னொருவருடைய குறுக்குவழிகள் காணோம். அதைச் சிரித்துக்கொண்டே சரிசெய்துகொண்டிருந்தோம். பத்தரை மணிக்கு உள்ளே ஒரே அமைதி. எட்டிப் பார்த்தால் மூன்று பேர் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்தது சம்பளப் பட்டியல். ஃபைல்கள் வந்துவிட்டன, யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகள் வரவில்லை. எல்லோருக்கும் எல்லாமும் திறந்தது. யார் எவ்வளவு வாங்குகிறார், ஒரே வேலைக்கு யாருக்குக் கூடுதல், தீபாவளிக்கு யாருக்கு எவ்வளவு... அன்றைக்கு மதியம் ஆபீசில் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் நின்றது. ஒருவர் முதலாளி அறைக்குப் போய் நேராகக் கேட்டும்விட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது என்று மாமாவே பிறகு சொன்னார். ஆனால் அது வெளியே வந்த விதத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு.

என்ன நடந்தது என்று விளக்குகிறேன். நாம் "குமார்" என்று பயனர் பெயர் கொடுத்தாலும், விண்டோஸுக்கு அந்தப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. உள்ளுக்குள் எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் கொடுத்துவிடும். எண்ணின் முன்பகுதி டொமைனுக்கு, கடைசித் துண்டு ஆளுக்கு. ஃபைல் மேல் அனுமதி எழுதுவதும் அந்த எண்ணுக்குத்தான். புது டொமைனில் அதே பெயரில் ஆளைச் சேர்த்தால் எண் வேறு, ஆகவே ஆளும் வேறு. பிள்ளையார் படம் காணாமல் போனதும் இதனால்தான். கணினி அந்த அக்காவை நேற்று வந்த புது ஆள் என்று நினைத்துவிட்டது. நாங்கள் எடுத்த சாதாரண நகலில் ஃபைல் மட்டும் வரும், மேலே ஒட்டியிருக்கும் அனுமதிச் சீட்டு வராது. முறையாகச் செய்பவர்கள் விண்டோஸ் 2000 முதலே ஒரு வசதியைப் பயன்படுத்துகிறார்கள். புதுக் கணக்கின் முதுகில் பழைய எண்ணையும் வரலாறாக ஒட்டி அனுப்பலாம். பழைய பூட்டு அந்தப் பழைய எண்ணைப் பார்த்துத் திறந்துகொள்ளும்.

இதை அண்ணன் விளக்கியபோது எனக்கு எங்கள் ஊர் வரலாறுதான் ஞாபகம் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி? ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28, பிரான்சு ஏற்றுக்கொண்டு ஆவணங்கள் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. எட்டு வருடம் ஊரை நடத்தியது இந்தியா, சட்டப்படி உரிமை பிரான்சுக்கு. எங்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு மாதிரி, ஃபைல்கள் வந்துவிட்டன, யார் யார் என்பது இன்னும் வரவில்லை. 1962-க்குப் பிறகு இங்கே பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1881-ம் ஆண்டு ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களுக்கு, இணைப்புக்குப் பிறகும் குடும்ப விஷயங்களில் அந்தச் சட்டமே தொடர்ந்தது. பழைய எண்ணை முதுகில் ஒட்டி அனுப்புவது என்பது இதுதானே? அந்தக் காலத்து அதிகாரிகள் எங்களைவிடப் பொறுமையாக வேலை பார்த்திருக்கிறார்கள்.

நல்லவேளை, பழைய பெட்டியை விற்கவில்லை. மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் யாருக்கு அனுமதி என்று பட்டியல் எடுத்தோம். பதினான்கு பக்கம் வந்தது. அதில் சில இடங்களில் பெயருக்குப் பதில் வெறும் எண். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை அழித்துவிட்டால், ஃபைல் மேல் அவர்கள் எண் மட்டும் மிஞ்சும். மாமா ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்து, "இது ரிட்டயர்டு ஆனாரே பெரியவர், அவரு. இது கல்யாணம் ஆகி பிரான்சுக்குப் போச்சே அந்தப் பொண்ணு" என்று எண்களுக்கு ஆள் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு எண்கள் யாருடையவை என்று அவருக்கும் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்துக் கையாலேயே எல்லா அனுமதியும் போட்டு முடிக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது.

நடுவில் இன்னொரு கூத்து. 2001 வாக்கில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களைப் புதுக் கணினியில் திறந்தால், தலையில் கோடும் புள்ளியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பார்த்தவர் "இது பிரெஞ்சு ஃபைல் சார், பிரெஞ்சு தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். பிரெஞ்சு தெரிந்த ஒரு வாடிக்கையாளரும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு வரி படித்துப் பார்த்துத் தோற்றார். அது தமிழ்தான்! யூனிகோடு வருவதற்கு முன்பு, ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில்தான் நம் எழுத்துருக்கள் தமிழைக் குடிவைத்திருந்தன. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது; 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. பழைய சர்வரில் இருந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் "ஐயா, வணக்கம்" என்று கடிதம் பேச ஆரம்பித்தது. இன்னும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றவில்லை. கோடையில் நான் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகப் புது டொமைனுக்குப் பெயர். பழையதன் பெயர் "பாண்டி". 2006 அக்டோபர் 1 முதல் ஊரின் பெயர் சட்டப்படி புதுச்சேரி. நான் "புதுவை" என்று வைக்கலாமே என்று ஆசையாகச் சொன்னேன். மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஃபாக்ஸ்ப்ரோ நின்னுடும்." ஒரு பழைய ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு நிரலில் பாண்டி என்ற பெயரும் எஃப் டிரைவும் உள்ளேயே எழுதியிருக்கிறதாம். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே லினக்ஸில் ஓடும் புதுப் பெட்டியும் பாண்டிதான். நாவெல் போய் இத்தனை வருடமாகியும் அதன் டிஸ்க் எஃப் டிரைவாகத்தான் எல்லோர் திரையிலும் தெரிகிறது. பெட்டியை மாடியில் வைத்துவிட்டோம். பழையது இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது, இப்போது நான்கு செங்கல் மேல். மாதம் ஒருமுறை மாமா அதை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அணைக்கிறார். எதற்கு என்று கேட்டால், அந்த இரண்டு எண்கள் யாருடையவை என்று ஞாபகம் வந்தால் பார்க்க வேண்டுமாம்.